தட்டையான உலகமும் திராட்சத்தோட்டத்து வேலையாட்களும்

அமெரிக்கப் பத்திரிகையாளர் தாமஸ் பிரீட்மன் 2005-இல் வெளியிட்ட ‘தி வேர்ல்ட் இஸ் ஃபிளாட்’ (உலகம் தட்டையானது) என்னும் நூல், உலகமயமாதலைப் பற்றிப் பொதுவாசகரிடையே பெருஞ்செல்வாக்குப் பெற்றது. இருபதாண்டு கடந்த நூலை இப்பொழுது ஆராய்வானேன் என்று வாசகர் வினவலாம். 2025 ஜூலையில் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் தன் ஊழியரில் ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அமெரிக்க அரசு, ஹெச்-1பி விசாவுக்கான புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதித்தது. இவ்விரு செய்திகளும் நம் சபைகளிலுள்ள பல குடும்பங்களைக் கலங்கச் செய்தன. வேலை நம்மிடம் வந்தபோது அதற்கு நாம் ஏற்றுக்கொண்ட விளக்கம், அது நம்மைவிட்டுப் போகும்போதும் நிற்குமா என்பதே இந்நூலை மீண்டும் வாசிக்கத் தூண்டும் வினா.

நூலின் மையக் கருத்து எளியது. 2004-இல் பெங்களூர் வந்த பிரீட்மன், இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் நந்தன் நிலேகனியுடன் உரையாடினார். உலகப் போட்டியின் ஆடுகளம் சமமாகி வருகிறது என்ற அவர் கூற்றிலிருந்தே நூலின் தலைப்புப் பிறந்தது. இம்மாற்றத்துக்குப் பத்துச் சக்திகளை ஆசிரியர் காரணமாகக் காட்டுகிறார். 1989-இல் பெர்லின் சுவர் வீழ்ந்ததும், 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்ததும், வேலைகளை வெளிநாடுகளுக்கு மாற்றும் முறை வளர்ந்ததும் அவற்றுள் அடங்கும். நிகழ்ந்ததை வருணிப்பதில் ஆசிரியர் வல்லவர். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-இல் பெங்களூரில் தன் மையத்தைத் திறந்தபோது அரிதாயிருந்த ஒன்று, 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா எழுந்தபோது இயல்பான தொழிலாகிவிட்டது. இவ்வரலாற்றின் வேகத்தை இந்நூலைப்போல் உணர்த்தும் நூல்கள் சிலவே. ஆனால் நிகழ்ந்ததெல்லாம் நியாயமாகிவிடாது. அவ்விடத்திலேயே நூல் தடுமாறுகிறது.

ஆசிரியர் தம் வாதத்துக்கு டேவிட் ரிக்கார்டோவைத் துணைக்கழைக்கிறார். இங்கிலாந்து துணியும் போர்ச்சுகல் திராட்சரசமும் உற்பத்தி செய்து மாற்றிக்கொண்டால் இரு நாடுகளும் பயனடையும் என்று ரிக்கார்டோ 1817-இல் விளக்கினார். ஆனால் மூலதனம் எளிதில் நாடுவிட்டு நாடு செல்லாது என்ற எண்ணத்தின்மேல்தான் அவர் அதைக் கட்டினார். மூலதனமும் தொழில்நுட்பமும் நாடு கடந்து செல்லும் காலத்தில் அக்கொள்கையை மாற்றமின்றிப் பயன்படுத்துதல் பொருந்துமா? நோபல் பரிசு பெற்ற பால் சாமுவேல்சன் 2004-இல் எழுதிய கட்டுரையில், ஒரு நாடு எதில் சிறந்திருந்ததோ அதே துறையில் மற்றொரு நாடு முன்னேறினால், முதல் நாட்டின் வருமானம் நிலையாகவே குறையக்கூடும் என்று காட்டினார். அதனால் வணிகத்துக்குத் தடை போடவேண்டும் என்று அவர் முடிவு கூறவில்லை. எல்லாரும் எப்போதும் பயன்பெறுவர் என்ற உறுதிமொழியையே மறுத்தார்.

ஒரு நாட்டின் மொத்தச் செல்வம் பெருகுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்பெருக்கத்திலிருந்து, வேலை இழந்தவனுக்கு ஈடு செய்ய இயலும் என்பது பொருளாதார நூலாரின் வாதம். ஈடு செய்ய இயலும் என்பது வேறு. ஈடு செய்தார்கள் என்பது வேறு. அந்நிய வணிகத்தால் வேலை இழந்தோருக்கு உதவும் திட்டத்தை அமெரிக்கா 1962-இல் தொடங்கியது. அது பொருள் உற்பத்தித் தொழிலாளரையே மனத்திற்கொண்டு அமைந்தது. சேவைத்துறையினருக்கு அது முறையாக விரிவாக்கப்பட்டது 2009-இல்தான். 2022 ஜூலை முதல் நாளோடு புதியவர்களை ஏற்கும் அதிகாரமே காலாவதியாயிற்று. வேலைகளை மாற்றுவது ஆண்டுதோறும் நடந்தது. ஈடு செய்வதோ காகிதத்தில் வந்து காகிதத்திலேயே தேய்ந்தது. புளோரிடாவில் டிஸ்னி நிறுவனத்தின் ஏறத்தாழ 250 கணினிப் பணியாளர் நீக்கப்பட்டதும், அவர்களுள் சிலர் தங்கள் இடத்துக்கு வந்தவர்களுக்கு வேலை கற்பித்துவிட்டுப் போகவேண்டியிருந்ததும் 2015-இல் செய்தியாயின. வந்தவர்களுள் பலர் இந்திய ஒப்பந்த நிறுவனமொன்றின் வழியே தற்காலிக விசாவில் சென்றவர்கள். தன் வேலையைத் தானே கையளிக்கும் மனிதனின் அவமானத்தை எந்தப் புள்ளிவிவரமும் கணக்கில் கொள்வதில்லை.

ஆசிரியர் தரும் மருந்து கல்வி. இன்னும் மிகுதியான கல்வி. ஆனால் ஆலன் பிளைண்டர் என்னும் பொருளியலாளர் 2006-இல் வேறொன்றைச் சுட்டினார். வேலை போகுமா நிலைக்குமா என்பதைக் கல்வியின் அளவு தீர்மானிப்பதில்லை. அவ்வேலையைக் கம்பி வழியே தொலைவிலிருந்து செய்ய இயலுமா என்பதே தீர்மானிக்கிறது என்றார் அவர். அவ்வாறாயின் கற்றவனும் காக்கப்படுவதில்லை.

தமிழ் வாசகர் மனம் பொறுக்காத பகுதி இனித்தான் வருகிறது. வெளிநாட்டுக்கு மாற்ற இயலாத வேலையை உடையவர்களுக்கு ஆசிரியர் சூட்டும் பெயர் ‘தீண்டத்தகாதவர்’ என்பது. இந்தியாவில் அச்சொல்லின் பொருளை அறிந்தே, புதிய உலகில் அனைவரும் விரும்பவேண்டிய நிலையாக அதை மாற்றிக் கூறுகிறார். சொல்விளையாட்டென்று இதை விட்டுவிடலாகாது. நூற்றாண்டுகளாக மனிதரை மிதித்த ஒரு சொல்லை எடுத்து, பாதுகாப்பான வேலைக்குப் பட்டமாக அணிவிக்கும் மனம், உலகத்தை மிக உயரத்திலிருந்து பார்க்கிறது. அவ்வுயரத்திலிருந்து பார்த்தால் எந்த நிலமும் தட்டையாகத்தான் தெரியும். தட்டையாகாத உலகமும் உண்டென்று ஆசிரியர் ஓர் அதிகாரத்தில் ஒப்புக்கொள்வதையும், அங்கே ஏபிரகாம் ஜார்ஜ் 1997-இல் தொடங்கிய சாந்தி பவன் பள்ளியைப் பற்றி எழுதுவதையும் நாம் மறைக்கவேண்டியதில்லை. ஓசூர்ப் பகுதியிலுள்ள அப்பள்ளியின் பிள்ளைகளைக் கண்டவர் அச்சொல்லை எப்படி அவ்வளவு இலகுவாகக் கையாண்டார் என்பதே வியப்பு.

இனி நம் பிரசங்கபீடங்களுக்கு வருவோம். மத்தேயு 20-ஆம் அதிகாரத்துத் திராட்சத்தோட்ட உவமையை இப்பொருளுக்குச் சான்றாகக் காட்டுவது எளிது. அமெரிக்கத் தொழிலாளி காலையில் வந்தவன். நம் இளைஞன் பதினோராம் மணியில் வந்தவன். முந்தினவன் முறுமுறுப்பது பொறாமையினால் என்று பொருள் சொல்லிவிடலாம். உவமை பொருளாதாரப் பாடமன்று, தேவகிருபையைப் பற்றியது. எனினும் அதைச் சான்றாக எடுப்போர் அதன் விவரங்களையும் ஏற்கவேண்டும். அத்தோட்டத்து எஜமான் பிந்தினவனை அமர்த்துவதற்காக முந்தினவனை வெளியே அனுப்பவில்லை. பேசிய கூலியில் ஒரு காசும் குறைக்கவில்லை. பிந்தினவனுக்கும் அதே பணத்தைக் கொடுத்தான். வேலைகளை வெளிநாட்டுக்கு மாற்றும் முறையிலோ மூன்றும் தலைகீழாகின்றன. முந்தினவன் நீக்கப்படுகிறான், அவனுக்கிருந்த எதிர்பார்ப்பு முறிகிறது, பிந்தினவன் குறைந்த கூலிக்கு வருகிறான் என்பதற்காகவே அழைக்கப்படுகிறான். வாழ்க்கைச் செலவின் வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தாலும், மீதியாகும் இலாபம் யார் கையில் சேர்கிறது என்ற கேள்வி எஞ்சுகிறது. இந்த எஜமான் அந்த எஜமானல்லன்.

இவ்வாறு கூறுவதால், வேலையைத் திருடிவிட்டான் என்று இந்தியத் தொழிலாளியைப் பழிக்கும் குரலோடு நாம் சேரவில்லை. லங்காஷயர் ஆலைத்துணி வந்து இந்நாட்டு நெசவாளரின் தறிகளை நிறுத்தியபோது அவர்களுக்கு ஈடு கொடுத்தார் எவருமில்லை. வேலையற்று நின்றவன் வேலைக்குச் சென்றது குற்றமன்று. ஆயினும் நெசவாளனுக்கு நேர்ந்த அநீதி, ஆர்லாண்டோவின் பணியாளனுக்கு நேர்வதால் நீதியாகிவிடாது. இருவரையும் எதிரெதிரே நிறுத்தி, இருவர் கூலியையும் கீழே இழுப்பவனைக் காணாமற் செய்வதே ‘தட்டை’ என்னும் உருவகத்தின் பெருங்குறை. தானியங்கிக் கணினி அறிவு பெருகும் இந்நாளில், கம்பி வழியே வந்த வேலை கம்பி வழியே திரும்பிப்போகவும் கூடும். எந்த ஊருக்கும் போகாமல் இயந்திரத்துக்குள்ளேயே மறையவும் கூடும்.

சபைக்கு இதில் என்ன பணி? மகனுக்கு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்ததென்று பெற்றோர் ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கின்றனர். ஆயர் மகிழ்ந்து ஜெபிக்கிறார். அது தகுந்ததே. அதே மகன் நாற்பது வயதில், வீட்டுக்கடன் தீருமுன் நீக்கப்படும்போது, ஆராதனையில் அதைச் சொல்ல அவனுக்கு நாவெழுவதில்லை. வேலையை ஆசீர்வாதமென்று மட்டுமே போதித்திருந்தால், வேலையிழப்பைச் சாபமென்று அவன் எண்ணாமல் வேறென்ன செய்வான்? தகவல் தொழில்நுட்ப ஊழியரும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாட்டு அரசு 2016-இல் தெளிவுபடுத்தியது. அவ்வுரிமை தங்களுக்குண்டு என்பதைத் தம் சபை இளைஞர் அறிவார்களா என்று ஆயர் ஒவ்வொருவரும் விசாரித்தல் நலம்.

இறையியல் மாணவர் இந்நூலை வாசிக்கவேண்டும். நடந்த மாற்றத்தின் பரப்பை அறிய அது உதவும். ஆனால் வாசிக்கும்போது பக்கந்தோறும் ஒரு கேள்வியை ஓரத்தில் எழுதிக்கொள்வது நல்லது: இங்கே பேசப்படும் இலாபத்துக்கு யார் விலை கொடுத்தார், அவருக்கு அதை ஈடு செய்தவர் யார்? ஆசிரியர் விடை கூறாத இடங்களே நம் ஊழியம் தொடங்கவேண்டிய இடங்கள்.