முகாம் மாநிலத்துக்கு, நோயாளி யாருக்கு?

சிலாங்கூர் மாநில அரசு 2022இல் 'சிலாங்கூர் சாரிங்' என்ற இலவச மருத்துவப் பரிசோதனை முகாம் திட்டத்தைத் தொடங்கியது. இலக்கு 56 சட்டமன்றத் தொகுதிகளிலும் சேர்த்து ஏறத்தாழ 39,000 பேர். மலேசியாவில் மருத்துவமனைகளும் அரசாங்கக் கிளினிக்குகளும் கூட்டரசின் பொறுப்பு. அப்படியிருந்தும் ஒரு மாநிலம் தன் கருவூலத்திலிருந்து பணம் எடுத்து மக்களின் ரத்தத்தைச் சோதிக்க முன்வந்தது பாராட்டத்தக்கது.

தேவையும் பெரிது. 2019 தேசிய உடல்நல ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 31.4, ஏறக்குறைய மூவரில் ஒருவர். 2023 ஆய்வில் மொத்த விகிதம் 15.6 ஆனது. ஆனால் நோய் உள்ளவர்களில் ஐவரில் இருவருக்கு அது இருப்பதே தெரியவில்லை. வலியில்லாமல் வளரும் நோய் இது. கால் புண் ஆறவில்லை என்று கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கு ஓடும் நாளில் தெரியவருவதை, பல ஆண்டு முன்பே ஒரு துளி ரத்தத்தில் காட்டிவிட முகாமால் முடியும்.

குறை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. முகாம் மாநிலத்தினுடையது, மாத்திரை தரும் கிளினிக் கூட்டரசினுடையது. அளவு கூடியிருக்கிறது என்ற தாளோடு வீட்டுக்குப் போனவர், ஒரு வெள்ளிக் கட்டணத்தில் மருந்து கிடைக்கும் கிளினிக்கின் வாசலை மிதித்தாரா? ஆறு மாதம் கழித்து அவருடைய சர்க்கரை இறங்கியதா? திட்டத்தின் இலக்கு வந்தவர்களின் எண்ணிக்கையில் வைக்கப்பட்டது. கட்டுக்குள் வந்தவர்களின் எண்ணிக்கையில் வைக்கப்படவில்லை. துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்ப்பவரும், இரவுக் காவலுக்குப் போகிறவரும், கிளினிக்கில் அரைநாள் காத்திருந்தால் அன்றைய சம்பளத்தையோ தூக்கத்தையோ இழக்கிறார்கள். இவர்களைத் தொடர்ந்து பிடித்து வைத்திருக்க ஆளும் பணமும் ஒதுக்காத பரிசோதனை, பாதி வேலைதான். இந்நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மூலகாரணம் நீரிழிவு என்பதை நினைத்தால் அந்த மீதிப் பாதியின் விலை புரியும்.

இன்னொரு குறை எனக்கு இதைவிடக் கடுமையாகப் படுகிறது. மாநிலம் தன் அதிகாரத்துக்கு உட்பட்டதை இத்திட்டத்தில் தொடவே இல்லை. பொதுச் சுகாதாரமும் நோய்த் தடுப்பும் அரசமைப்பின் பொதுப் பட்டியலில் உள்ளவை. உணவகங்களுக்கு உரிமம் தரும் நகர மன்றங்களோ நேரே மாநிலத்தின் கீழ் வருகின்றன. 2019 ஜூலை 1 முதல் சர்க்கரை கூடிய பான வகைகளுக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்தது, 2024இல் அது 50 சென் ஆனது. அந்த வரி ஆலையில் அடைத்து வரும் பானங்களுக்கு மட்டுமே. கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானாவில் கெட்டிப்பாலில் கலக்கும் தே தாரிக்கை அது எட்டாது. கேட்டால் மட்டுமே சீனி, குடிநீர் இலவசம் என்ற இரண்டு நிபந்தனைகளைக் கிள்ளான் அரச மாநகர் மன்றம் உரிமத்தில் சேர்க்க முயலலாம். சிறு கடைக்காரர்களுக்குப் பாரம் என்பார்கள். கேட்காதவருக்குச் சீனி போடாமல் விடுவதில் என்ன பாரம்?

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் அதிகாரம் பிரிந்து கிடக்கிறது என்ற சாக்குக்கும் இடமில்லை. கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம்; அங்கே மாநில அரசே கிடையாது. கிளினிக்கும் மாநகர் மன்றமும் இரண்டுமே கூட்டரசின் கீழ். இருந்தும் துன் சம்பந்தன் சாலைக் கடைகளின் தேநீர் கிள்ளானின் தேநீரைப் போலவேதான் இனிக்கிறது.

நீரிழிவும் உடற்பருமனும் மேலே ஏறாமல் நிறுத்துவது உலக அளவில் 2025க்கு வைத்த இலக்கு. மலேசியாவின் தேசியத் திட்டமும் அதே 2016–2025 காலத்துக்குத்தான் வகுக்கப்பட்டது. பருமன் விகிதமோ 2019இல் 19.7ஆக இருந்து 2023இல் 21.8ஆக ஏறியது. அடுத்த திட்டத்தில், 2019 ஆய்வில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு நோய் இருந்த இந்தியச் சமூகத்துக்குத் தனி இலக்கு வேண்டும். அது தானாக வராது. உங்கள் தொகுதியில் முகாம் நடக்கும்போது போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள். அங்கே வரும் சட்டமன்ற உறுப்பினரிடம், சென்ற முகாமில் சர்க்கரை கூடியிருந்தவர்களில் எத்தனை பேருக்கு இன்று கட்டுக்குள் இருக்கிறது என்று கேளுங்கள்.