மறைத்த பாவமும் உரைத்த சொல்லும்

முன்னுரை

கிறித்தவ வழிபாட்டில் பாவ அறிக்கை என்பதொரு பகுதி உண்டு. சபையார் அனைவரும் ஒரே குரலில் தம்மைப் பாவிகள் என்று கூறி மன்னிப்பு வேண்டுவர். அது வேண்டிய வழக்கமே. ஆயினும், பலரும் சேர்ந்து சொல்லும் அச்சொற்களுக்குப் பின்னே, தான் மட்டுமே அறிந்த ஒரு செயலை ஒருவன் ஒளித்துக்கொள்ளவும் கூடும். 'நான் பாவி' என்பது எளிது. 'இன்னதைச் செய்தேன், இன்னாருக்குச் செய்தேன்' என்பது அரிது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவை நுட்பமாகக் காட்டும் நாவல், அமெரிக்க எழுத்தாளர் நத்தானியேல் ஹாத்தார்ன் (1804–1864) 1850ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்கார்லெட் லெட்டர்' ஆகும். 'செவ்வெழுத்து' என அதனைத் தமிழில் வழங்கலாம். மறைவான பாவத்தைச் சித்திரிப்பதில் அந்நாவல் பெற்ற வெற்றியையும், மன்னிப்பைச் சித்திரிப்பதில் அதற்குள்ள குறையையும் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருவர் சுமந்த ஒரு பாவம்

கதை நிகழும் இடம் 17ஆம் நூற்றாண்டின் பாஸ்டன் நகரம். கடுமையான சமய ஒழுக்கம் பூண்ட பியூரிட்டன் மக்கள் வாழ்ந்த ஊர் அது. கணவன் அருகில் இல்லாத ஹெஸ்டர் பிரின் என்னும் பெண் ஒரு குழந்தைக்குத் தாயாகிறாள். தண்டனை மேடையில் கைக்குழந்தையுடன் நிறுத்தப்பட்டு, வாழ்நாள் முழுவதும் மார்பில் செந்நிற எழுத்தொன்றை அணியுமாறு விதிக்கப்படுகிறாள். குழந்தையின் தந்தை யார் என்பதை அவள் சொல்ல மறுக்கிறாள். அவன் அவ்வூர் மக்கள் தெய்வமாகப் போற்றும் இளம் போதகர் டிம்ஸ்டேல். அவள் பாவம் ஊரறிந்தது. அவன் பாவம் உள்ளத்தில் ஒளிந்தது. அவள் ஏழாண்டுகளில் உழைப்பாலும் இரக்கத்தாலும் உயர்கிறாள். அவனோ நாளுக்கு நாள் உருகி மெலிகிறான்.

அறிக்கையே மறைப்பாதல்

இந்நாவலின் தலைசிறந்த பகுதியென நாம் கருதுவது டிம்ஸ்டேலின் பிரசங்கங்களைப் பற்றியது. அவன் முற்றிலும் வாய்மூடி இருக்கவில்லை. பாவிகளுள் தானே இழிந்தவன் என்று பீடத்தில் நின்று பலமுறை கூறுகிறான். கேட்போர் அவனை வெறுக்கவில்லை. முன்னினும் மிகுதியாகப் போற்றுகின்றனர். இத்துணைத் தூயவரே தம்மை இவ்வாறு எண்ணினால் நம் நிலை யாது என்று வியக்கின்றனர். மக்கள் அவ்வாறே கொள்வர் என்பதை அவனும் அறிவான். உண்மையைச் சொல்லியே பொய்யை நிலைநாட்டிய வஞ்சகம் இது. பொதுவாகச் சொன்ன அறிக்கை அவனுக்குத் திரையாயிற்று.

நள்ளிரவில், ஒருவரும் காணாத வேளையில், அவன் அதே தண்டனை மேடையில் ஏறி நிற்கிறான். அவ்வழியே வந்த ஹெஸ்டரும் சிறுமி பேர்ளும் உடன் நிற்கின்றனர். மறுநாள் நண்பகலிலும் தங்களோடு நிற்பானா என்று குழந்தை வினவுகிறது. இறுதித் தீர்ப்பு நாளில் நிற்பதாக அவன் விடை கூறுகிறான். மனந்திரும்புதலை மறுப்பவரினும் அதனை ஒத்திவைப்பவரே பலர் என்பதை ஆசிரியர் ஒரு குழந்தையின் வினாவால் உணர்த்திவிடுகிறார்.

முடிவில் அவன் பட்டப்பகலில், ஊரார் முன்னிலையில் மேடையேறித் தன் குற்றத்தை உரைக்கிறான். பழிவாங்கும் வேட்கையோடு அவனைத் தொடர்ந்து வந்த மருத்துவன் சில்லிங்வொர்த், ஹெஸ்டரின் கணவன், தன் பிடியிலிருந்து அவன் தப்புதற்கு அம்மேடையைத் தவிர வேறிடம் இல்லை என்று ஒப்புக்கொள்கிறான். அதன் பின்னரும், கண்ணாரக் கண்டவர்களுள் சிலர், போதகர் தம் குற்றம் எதையும் சொல்லவில்லை, மாந்தர் யாவரும் பாவிகளே என்பதை உவமையாக உணர்த்தினார் என்று சாதிக்கின்றனர். பெயர் சொல்லி உரைத்த குற்றத்தையும் பொதுமையில் கரைத்துவிட உலகம் விரும்புகிறது என்பதற்கு இதனினும் கூரிய சான்று வேண்டுமோ?

நாவலின் குறை

எனினும் ஒரு குறையைச் சுட்டாமல் இருக்க இயலாது. உரைத்த அந்நாழிகையிலேயே டிம்ஸ்டேல் இறக்கிறான். மன்னிக்கப்பட்ட மனிதன் எவ்வாறு வாழ்வான் என்பதை ஆசிரியர் காட்டவில்லை. விவிலியத்தில் நாத்தான் தீர்க்கர் தாவீதை நேர்நின்று சுட்டியபோது, தாவீது ஒப்புக்கொண்டான், மன்னிப்பும் பெற்றான், பாவத்தின் விளைவுகளைச் சுமந்துகொண்டு வாழ்ந்தும் காட்டினான். கிறித்தவ நோக்கில் மன்னிப்பு என்பது கதையின் முடிவன்று, தொடக்கமே.

இதற்கு ஆசிரியரின் குல வரலாற்றருகிலேயே சான்று இருந்தது. 1692ஆம் ஆண்டு சேலம் நகரச் சூனிய வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். அவ்வழக்குகளின் நடுவருள் ஒருவர் ஹாத்தார்னின் முன்னோர். அவர் வருந்தியதாக வரலாறு இல்லை. மற்றொரு நடுவரான சாமுவேல் சூயல், 1697ஆம் ஆண்டு சனவரியில் பாஸ்டன் ஆலயத்தில் சபையார் நடுவே எழுந்து நின்றார். அவ்வழக்குகளில் தமக்குள்ள பழியையும் வெட்கத்தையும் ஏற்று அவர் எழுதிய அறிக்கையைப் போதகர் உரக்கப் படித்தார். அதன்பின் 1730 வரை அவர் வாழ்ந்தார். 1700ஆம் ஆண்டில் அடிமை வாணிகத்தைக் கண்டித்து நூல் எழுதினார். நாவலில் நாம் தேடியும் காணாத மறுவாழ்வு இதுவே.

முடிவுரை

காட்டில் சந்தித்தபோது ஹெஸ்டர், கப்பலேறி வேற்றூர் சென்று வேறு பெயரில் வாழலாம் என்று டிம்ஸ்டேலுக்கு வழி கூறினாள். அக்கப்பலிலேயே சில்லிங்வொர்த்தும் இடம் பெற்றிருந்தான்! பிற்காலத்தில் கடல் கடந்து சென்ற ஹெஸ்டரோ தானே பாஸ்டனுக்குத் திரும்பி, ஒருவரும் கட்டாயப்படுத்தாமலே அவ்வெழுத்தை மீண்டும் அணிந்தாள்.

பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இப்பகுதி தனிப்பொருள் தருகிறது. நம்மை அறிந்தோர் இல்லாத நகரில் மறைத்தல் எளிது. ஆயினும் பாகப்பிரிவினையில் ஏமாற்றிய தம்பியோ, சொல்லாமல் விட்டு வந்த கடனோ, கைவிட்ட முதியவரோ தொலைவினால் மறைந்துவிடுவதில்லை. இறைவனிடம் மன்னிப்பு வேண்டுவோர், தீங்கு பெற்றவரிடமும் செல்லவேண்டும் என்பதே மலைப்பிரசங்கத்தின் போதனை. பலர் இல்லங்களில் எழுதப்படாத கடிதம் ஒன்று இருக்கக்கூடும். அதனை எழுதத் தூண்டுமாயின், இந்நாவலைப் படித்த பயனை நாம் பெற்றவராவோம்.