பாட்டில் வந்த பாதி வெண்பா

1962-இல் ஸ்ரீதர் இயக்கத்தில் வெளிவந்த 'சுமைதாங்கி' படத்தில் பி.பி. ஸ்ரீனிவாஸ் பாடிய பாட்டு ஒன்று உண்டு. மனம் சோர்ந்து நிற்பவனிடம் கேள்வி கேட்பதாகத் தொடங்கும். எந்தப் பாட்டு என்று நம்மவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கண்ணதாசன் எழுதி, விசுவநாதன் - ராமமூர்த்தி இசையமைத்தது. சென்னையில் வாய்ப்புத் தேடி அலைந்த வாலி, போதும் என்று கிளம்ப இருந்த சமயத்தில் இதைக் கேட்டுத்தான் தங்கிவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு பாட்டுக்கு இதைவிடப் பெரிய நற்சான்று கிடையாது. பிழைப்புக்காகத் தாதரில் வந்து இறங்கிய நம்மில் எத்தனையோ பேருக்கும் அது துணை நின்றிருக்கும்.

வியாபாரத்தில் கைமுதல் போன வருஷம் நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆகவே குறை சொல்வதற்காக எழுதவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டதில் இரண்டு இடங்கள் நெருடின, அவ்வளவுதான்.

உன்னிலும் தாழ்ந்தவர் ஏராளம், அவர்களை எண்ணி மனம் தேறு என்று ஓரிடம் வருகிறது. இது கண்ணதாசனின் சொந்தச் சரக்கு அல்ல. பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடிய 'நீதிநெறி விளக்க'த்திலேயே இருக்கிறது. (அவரும் நம்மைப்போல் வடக்கே வந்தவர்தான், காசியில் மடம் கண்டவர்.) தம்மைவிட மெலிந்தவரைப் பார்த்து, நம் உடைமை பெரிதென்று மகிழ்க என்பது அவர் வெண்பாவின் முன்பாதி. தம்மைவிடக் கற்றவரைப் பார்த்து, நம் கல்வி எம்மாத்திரம் என்று செருக்கு அழிக என்பது பின்பாதி. பொருளுக்குக் கீழே பார், அறிவுக்கு மேலே பார். தராசுக்கு இரண்டு தட்டு. சினிமாப் பாட்டு ஒரு தட்டை மட்டும் எடுத்துக்கொண்டது. மெட்டுக்குள் அடங்கவேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஆறுதல் தரும் பாதி ஊரெல்லாம் பரவ, உறுத்துகிற பாதி புலவர் வகுப்போடு நின்றுபோனது நஷ்டம்தான்.

செம்பூரில் சொந்த ஃபிளாட்டில் அமர்ந்து கேட்பவருக்கு, 'தாழ்ந்தவர்' என்றதும் தாராவி நினைவுக்கு வரும். அந்தத் தாராவியில் விடியுமுன் இட்லி அவித்து சைக்கிளில் விற்கக் கிளம்புகிறாரே, அவரும் இதே பாட்டைத்தான் கேட்கிறார். அவர் யாரைப் பார்த்துத் தேறுவது? நடைபாதையில் படுத்திருப்பவனையா? அப்புறம் அவன் யாரைப் பார்ப்பான்? ஒருவன் கஷ்டம் இன்னொருவனுக்கு மருந்தாகிறதே தவிர, அந்த ஒருவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வெண்பாவிலும் இந்தக் குறை உண்டு என்று சொன்னால் சைவ அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். எங்கள் சமண முனிவர்கள் பாடிய நாலடியாரும் இதே பொருளைத் தொடுகிறது. செல்வம் வண்டிச் சக்கரம்போல் உருண்டு கைமாறும், ஆகவே உழைத்து வந்த சோற்றைப் பலரோடு உண் என்கிறது. கீழே இருப்பவன் அங்கே ஆறுதல் பொருள் அல்ல, பந்தியில் பக்கத்து இலைக்காரன்.

இன்னோர் இடம், நாளைய பொழுதை இறைவனிடம் ஒப்படைக்கச் சொல்வது. சைவர்க்கும் வைணவர்க்கும் கிறித்தவர்க்கும் முகமதியர்க்கும் அவரவர் இறைவனாகப் பொருந்தும் சொல் அது. கவிஞரின் சாமர்த்தியம் அங்கேதான். எங்கள் நூல்களிலும் அருகனை இறைவன் என்பதுண்டு. ஆனால் அவர் வினையை வென்று வழி காட்டியவர். யாருடைய நாளைக்கும் பொறுப்பேற்பவர் அல்லர். அவரவர் வினை அவரவர் பேரேட்டில்தான். வேறொருவர் கணக்குக்கு மாற்ற எங்கள் சமயத்தில் இடமில்லை.

இவ்வளவும் தெரிந்த நான், முதல் போன அன்று இரவு அந்த அடியைக் கேட்டு, நாளையை ஒப்படைத்துவிட்டுத் தூங்கினேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காலையில் கடன்காரர் வந்து தட்டினார். நானே எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். கடன் அடைய நாலு வருஷம் ஆயிற்று. அந்த நாலு வருஷமும் கடை டேப்பில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது.