கள்வர் குழுவில் நட்பும் காட்டிக்கொடுப்பும்

சாள்ஸ் டிக்கன்ஸ் 1837 முதல் 1839 வரை தொடர்கதையாக வெளியிட்ட ‘ஒலிவர் துவிஸ்ற்’ நாவலைச் சிறுவர் கதையென ஒதுக்குவாருளர். அநாதைச் சிறுவனின் துன்பத்தினும், இலண்டன் தெருக்களிலே திரியும் முடிச்சுமாறிகளிடை நிலவும் நட்பே அதன் உயிர்நாடி என்பது எம் கருத்து.

அவர்தம் தலைவன் பேகின், தன்னைக் காட்டிக்கொடாது தூக்குமேடை ஏறிய பழைய தோழரைத் தனிமையில் வாயாரப் புகழ்கின்றான். இறந்தோர் வாய்திறவார், அவன் கண்ட நட்பின் பயன் அதுவே. கொள்ளையன் சைக்ஸின் துணைவி நான்சியின் நிலை வேறு. ஒலிவரைக் காக்கும்பொருட்டு அவள் இலண்டன் பாலத்துப் படிகளில் பிறவுண்லோவைச் சந்தித்து, ஒலிவரின் பகைவனான மொங்ஸை அடையாளங் காட்டுகின்றாள். பேகினை ஒப்படைக்குமாறு கேட்டபோதோ மறுக்கின்றாள். தன்னைக் காட்டிக்கொடுக்க வாய்ப்பிருந்தும் கொடாதவரைத் தான் கொடுத்தல் தகாது என்பது அவள் நியாயம். பேகின் ஏவலால் ஒளிந்து கேட்ட நோவா, அதனைச் சைக்ஸிடம் உரைக்குமிடத்தை மாணவர் ஊன்றிப் படித்தல் வேண்டும். அவள் சொன்னவை வருகின்றன, மறுத்தது வரவில்லை. வினாத் தொடுக்கும் பேகினும் அதனைக் கேட்டானல்லன். அவ்வரையுண்மையே அவள் உயிரைக் குடிக்கின்றது.

பின்னர்ச் சைக்ஸ் ஒளிந்த வீட்டிலே, கொலைஞனைப் பிடிமின் எனக் கூவி ஊரை அழைப்பவன் அக்குழுவைச் சேர்ந்த சிறுவன் சாளி பேற்ஸ். நோவாவோ பேகினுக்கு எதிராகச் சாட்சி கூறி மன்னிப்புப் பெற்று, உளவு சொல்வதையே பிழைப்பாகக் கொள்கின்றான். இருவர் செயலும் காட்டிக்கொடுப்பே. ஆயினும் ஒருவன் கொலையுண்டவளுக்காகச் செய்தான், மற்றவன் தன் கழுத்துக்காகச் செய்தான். பேகினின் இறுதியிரவுக்கு ஓர் அதிகாரம் முழுவதையும் அளித்த ஆசிரியர், சாளியின் மனமாற்றத்துக்கு இன்னுஞ் சில பக்கங்கள் ஈந்திருக்கலாம்.