மாலாக் மரபுகள்

சி மொழியில் நினைவகம் கேட்க மாலாக், திருப்பித் தர ஃப்ரீ. கெர்னிகனும் ரிட்சியும் 1978இல் வெளியிட்ட சி நூலின் எட்டாம் அத்தியாயத்திலேயே, நினைவகத்தை ஒதுக்கித் தரும் ஓர் அலோகேட்டர் முழுதாக இருக்கிறது. காலித் துண்டுகளை வட்டப் பட்டியலாகக் கோத்து, போதிய அளவில் முதலில் அகப்படுவதைத் தரும் எளிய முறை. எந்திரத்துக்கு எந்திரம் மாறும் சங்கதியை அவர்கள் நிரலின் சிறு பகுதிக்குள் அடக்கியிருந்தார்கள். வேறு கணினிக்குக் கொண்டுபோகிறவர் எங்கே கைவைக்க வேண்டும் என்பது பார்த்தவுடன் தெரியும்.

அந்த ஒழுக்கத்தைப் பெரிதாக வளர்த்தவர் டக் லீ. 1987இல் அவர் தொடங்கிய டிஎல்மாலாக், நினைவகத் துண்டின் இரு முனைகளிலும் அளவைக் குறித்துவைக்கும், கணினி அறிஞர் நூத்தின் உத்தியைக் கையாண்டது. அதனால் விடுபட்ட துண்டு பக்கத்துக் காலித் துண்டோடு உடனே இணைந்துவிடும். இயங்குதளத்திடம் நினைவகம் வாங்கும் பகுதி மேக்ரோக்களாகத் தனித்து நின்றது. உல்ஃப்ராம் குளோகர் அதைப் பல த்ரெட்களுக்கு ஏற்றபடி விரித்தார். லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்து மாலாக் அந்த வழியில் வந்தது.

ஃப்ரீபிஎஸ்டிக்காக ஜேசன் எவன்ஸ் எழுதிய ஜெமாலாக் வேறு கிளை. பல பிராசசர்கள் ஒரே லாக்குக்காகக் காத்துக் கிடக்காதபடி நினைவகத்தை அரீனாக்களாகப் பிரித்தது. 2008இல் ஃபயர்ஃபாக்ஸ் 3 அதை ஏற்றது. ஓபன்பிஎஸ்டியின் மாலாக்கோ வேகத்தைவிடப் பாதுகாப்பைப் பெரிதாக மதிக்கிறது.

அப்படியிருக்க, சொந்தமாக ஓர் அலோகேட்டர் எதற்கு? எமெரி பெர்கரும் சகாக்களும் 2002இல் இதை அளந்தே பார்த்தார்கள். சொந்த அலோகேட்டர் வைத்திருந்த எட்டு நிரல்களில் ஆறுக்கு, லீயின் அலோகேட்டரே ஏறத்தாழ அதே வேகத்தைத் தந்தது. விதிவிலக்கு, மொத்தமாக வாங்கி மொத்தமாக விடும் ரீஜன் முறை. அப்பாச்சியின் பூல், போஸ்ட்கிரெஸ்ஸின் மெமரி கான்டெக்ஸ்ட் இரண்டும் இந்த இனம். ஒரு குவெரி முடிந்ததும் அதற்கென வாங்கியது அத்தனையும் ஒரே மூச்சில் போய்விடும். இதை எழுதுவதற்கு நியாயம் உண்டு. வேகம் கிடைக்கும் என்ற நம்பிக்கை மட்டும் போதாது.

2014இல் ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தின் ஹார்ட்பிளீட் பாதுகாப்புப் பிழை வெளிப்பட்டபோது சொந்த அலோகேட்டரின் விலை தெரிந்தது. ஓபன்எஸ்எஸ்எல் தான் விடுவித்த பஃபர்களைத் தன் சொந்தப் பட்டியலிலேயே வைத்துக்கொண்டதால், ஓபன்பிஎஸ்டி மாலாக்கின் காவல் அவற்றை எட்டவில்லை.

நிரலை வேறு எந்திரத்துக்கு மாற்றும்போதுதான் மறைந்திருந்த அனுமானங்கள் உடைகின்றன. 4 கேபி பக்கத்துக்கெனக் கம்பைல் செய்த ஜெமாலாக், 16 கேபி பக்கம் கொண்ட ராஸ்பெரி பை 5 கெர்னலில் தொடங்கவே மறுக்கும். விண்டோஸில் சீரமைப்போடு வாங்கிய நினைவகத்துக்குத் தனி விடுவிப்பு உண்டு. சாதாரண ஃப்ரீயிடம் கொடுத்தால் ஹீப் கெடும். ரீயலாக்கில் அளவு பூஜ்யம் என்றால் என்ன நடக்கும் என்பது நூலகத்துக்கு நூலகம் வேறுபட்டது. சி23 தரம் அதை வரையறுக்கப்படாத நடத்தை என்றே அறிவித்துவிட்டது. ஸ்ட்ரிங்கை நகலெடுக்கும் ஸ்ட்ர்டப் தந்த பாயின்டர் எந்த அலோகேட்டருடையதோ, அதனிடமே திரும்ப வேண்டும்.

ஆகவே அலோகேட்டரைக் கழற்றி மாட்ட வழி வைத்திருக்கும் நிரல்களே சிறந்தவை. எஸ்க்யூலைட்டுக்கு மாலாக்கே வேண்டாம். தொடக்கத்தில் ஒரு நிலையான பஃபரைக் கொடுத்து, அதற்குள்ளேயே வேலை செய்யவைக்கலாம். லுவாவில் ஒரே ஒரு ஃபங்ஷன்: ஒதுக்குவது, அளவு மாற்றுவது, விடுவிப்பது எல்லாம் அதன் வழியே. விடுவிக்கும்போது துண்டின் பழைய அளவையும் லுவாவே சொல்லிவிடுவதால், புதிதாக எழுதுகிறவர் ஒவ்வொரு துண்டிலும் அளவைப் பொதிந்துவைக்கத் தேவையில்லை.