நடிகரின் காரை எப்படி மதிப்பிடுவது?

அமெரிக்கத் திரைப்பட நடிகர் ஸ்டீவ் மெக்வீன் (1930–1980) வைத்திருந்த கார்களுள் ஒன்று, மெர்சிடிஸ்-பென்ஸ் 300 எஸ்.இ.எல். 6.3. மெக்வீன் திரையில் மட்டும் கார் ஓட்டியவர் அல்லர். 1970-இல் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில் பீட்டர் ரெவ்சனுடன் சேர்ந்து இரண்டாம் இடம் பெற்றவர். ஆகவே, அவர் வைத்திருந்த கார் சிறந்ததாகத்தான் இருக்கும் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். விஞ்ஞான மாணவர்கள் அப்படி முடிவு செய்யலாகாது. இயந்திரத்தை அதன் வேலையைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

இக்காரின் தோற்றத்தில் ஆரவாரம் எதுவும் இல்லை. நான்கு கதவுகள், ஐவர் அமரும் இடம், வங்கி அதிகாரி ஒருவருக்குப் பொருந்தும் அடக்கமான உடல். 300 என்ற எண் முதலில் 3 லிட்டர் எஞ்சினைக் குறித்தது. எரிக் வாக்சன்பெர்கர் என்ற பொறியியலாளர், மேலிடத்தின் உத்தரவுக்குக் காத்திராமல், மெர்சிடிஸ் 600 என்ற பெரிய காருக்காகச் செய்யப்பட்ட எட்டு சிலிண்டர், 6.3 லிட்டர் எஞ்சினை இந்த உடலுக்குள் பொருத்திப் பார்த்தார். நிர்வாகம் அம்முயற்சியை ஏற்றது. 1968 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் கார் அறிமுகமாயிற்று. 1972 வரை 6,526 கார்கள் செய்யப்பட்டன.

அதன் வேகத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போமா? ஓட்டுநருடன் சேர்த்து எடை சுமார் 1,800 கிலோகிராம் எனக் கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 27.8 மீட்டர். அவ்வேகத்தில் காரின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 7 லட்சம் ஜூல். நின்ற நிலையிலிருந்து இவ்வேகத்தை எட்ட அதற்கு 6.5 வினாடி போதும். அப்படியானால் சராசரியாக 107 கிலோவாட் திறன் காரை முடுக்குவதற்கே செலவாகிறது. எஞ்சினின் உச்சத் திறன் 250 குதிரைத்திறன், அதாவது 184 கிலோவாட். எஞ்சின் எப்போதும் உச்சத் திறனில் இயங்குவதில்லை. கியர்ப் பெட்டியிலும் காற்றுத் தடையிலும் இழப்பு வேறு உண்டு. இவற்றை எண்ணினால் இது பாராட்டத்தக்க செயல்.

ஆனால் இத்திறன் எவ்வாறு கிடைத்தது? ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு 40 குதிரைத்திறன் அளவே இந்த எஞ்சின் தருகிறது. 1971-இல் வந்த பி.எம்.டபிள்யூ. 2002 டி.ஐ.ஐ. என்னும் சிறிய கார், 2 லிட்டர் எஞ்சினிலிருந்தே 130 குதிரைத்திறன் எடுத்தது, லிட்டருக்கு 65. பெரிய எஞ்சினுக்கும் ஒரு நியாயம் உண்டு. நிமிடத்திற்கு 4,000 சுற்றுகளிலேயே உச்சத் திறனைத் தருவதால் அது பதறாமல், இரைச்சல் குறைவாக உழைக்கிறது. அந்த அமைதிக்கான விலையைப் பெட்ரோல் தொட்டிதான் கொடுத்தது. உற்பத்தி நின்ற மறு ஆண்டே, 1973-இல், எண்ணெய் நெருக்கடி வந்தது. இத்தகைய கார்களின் பெரும்பசி எல்லோர் கண்ணிலும் உறுத்தியது.

இதைவிடப் பெரிய குறை பின் அச்சில் இருக்கிறது. அது ஊசலாடும் அச்சு வகை. சக்கரம் மேலும் கீழும் அசையும்போது அதன் சாய்வும் மாறுவதால், டயர் சாலையைப் பற்றும் பிடி வளைவுகளில் குறையக்கூடும். இதே நிறுவனம் அதே 1968-இல், விலை குறைந்த தன் நடுத்தரக் கார்களுக்கு இதைவிட மேலான பின் அச்சு அமைப்பைக் கொடுத்துவிட்டது. மணிக்கு 220 கிலோமீட்டர் ஓடவல்ல காருக்கோ பழைய அச்சு! சுருள்வில்லுக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் தாங்கும் அமைப்பு பயணத்தை மிருதுவாக்கியது உண்மை. ஆனால் ரப்பர் முதுமையடைந்து காற்றுக் கசிந்தால், நிறுத்திய கார் தரையை நோக்கித் தாழ்ந்துவிடும்.

ஆக, எஞ்சின் காரை முந்திச் சென்றுவிட்டது, அச்சு பின்தங்கிவிட்டது. குறைகள் இருந்தும், குடும்பக் காரில் பந்தயக் காரின் வேகத்தைக் கொண்டுவர முடியும் என்று துணிந்து காட்டியது இதன் சாதனை. அந்தச் சாதனைக்கு உரியவர் வாக்சன்பெர்கர். மெக்வீனின் பெயர் ஏலத்தில் விலையைக் கூட்டலாம். எஞ்சினில் அரைக் குதிரைத்திறனைக்கூடக் கூட்டாது. அடுத்த முறை புகழ்பெற்றவர் ஒருவரின் காரைக் காணும்போது, யாருடையது என்று கேட்பதோடு நின்றுவிடாமல், எப்படி ஓடுகிறது என்றும் கேளுங்கள்.