முறுமுறுப்பா, முறைப்பாடா? பாலைவன இஸ்ரவேலர் பற்றிய ஒரு மறுநோக்கு

ஒரு பனுவலை எவ்விடத்திலிருந்து வாசிக்கின்றோம் என்பது அதன் பொருளை நிர்ணயிக்கும் காரணிகளுள் ஒன்றாகும். எகிப்தின் அடிமைத்தளையினின்று விடுபட்ட இஸ்ரவேலர் பாலைவனத்தில் நீரும் உணவும் வேண்டி முறுமுறுத்த கதைகள், நம்மவரிடையே நன்றியின்மைக்கும் அவிசுவாசத்துக்கும் எடுத்துக்காட்டுகளாகவே பெரும்பாலும் விளக்கப்பட்டு வந்துள்ளன. ஆயின், 1995 ஒக்டோபர் 30ஆம் நாள், இராணுவம் முன்னேறி வந்த வேளையில், விடுதலைப் புலிகளின் அறிவித்தலைத் தொடர்ந்து வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வெளியேறினர். செம்மணி–நாவற்குழி வழியாகவும் கோப்பாய்–கைதடி வழியாகவும் மழையில் நனைந்தபடி தென்மராட்சியை நோக்கி அவர்கள் நகர்ந்தனர். ஆங்கிலத்தில் இவ்விடப்பெயர்வைக் குறிக்க யாத்திராகமத்தின் பெயரே இன்றுவரை ஆளப்படுகின்றது. பெயரை இரவல் பெற்ற நாம் கதையையும் மீள வாசித்தல் தகும். நீர் கேட்பது எப்போது அவிசுவாசமாகின்றது என்பதே இங்கு நாம் எழுப்பும் வினா.

முதலிற் பனுவலின் அமைப்பை நோக்குவோம். யாத்திராகமத்தில் மாராவின் கசப்பு நீர், சீன் வனாந்தரத்துப் பசி, ரெவிதீமின் வறட்சி என மூன்று நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வருகின்றன. மூன்றிலும் மக்கள் மோசேயைக் குறைகூறுகின்றனர். மூன்றிலும் தண்டனை இல்லை. கசப்பு நீர் இனிமையாகின்றது. மன்னாவும் காடையும் கிடைக்கின்றன. பாறையிலிருந்து நீர் புறப்படுகின்றது. எண்ணாகமத்திலோ நிலைமை மாறுகின்றது. தபேராவில் நெருப்பு எரிகின்றது. இறைச்சி கேட்டோர் இச்சையின் பிரேதக்குழிகள் என்னும் பொருள்படும் இடத்திற் புதைக்கப்படுகின்றனர். வேவுகாரர் பன்னிருவருள் பதின்மரின் சொல்லை நம்பியமையால் ஒரு தலைமுறை முழுவதும் 40 ஆண்டுகள் அலைந்து மடிகின்றது. இவ்விரு தொகுதிகளுக்கும் நடுவே சீனாய் மலையின் உடன்படிக்கை நிற்கின்றது. உடன்படிக்கைக்கு முன்னர்ப் பொறுக்கப்பட்டது பின்னர்க் குற்றமாயிற்று என்பது மரபுவழி விளக்கம். அவ்விளக்கம் வலுவுடையதே. எனினும் அது முழுமையானதன்று.

ஏனெனில், ஒரே நிகழ்ச்சியை விவிலியமே பல்வேறு விதமாக மதிப்பிடுகின்றது. 78ஆம், 106ஆம் சங்கீதங்கள் பாலைவனக் காலத்தைக் கலகத்தின் வரலாறாகப் பாடுகின்றன. அவற்றுக்கிடையே அமைந்த 105ஆம் சங்கீதமோ, மக்கள் கேட்டனர், இறைவன் கொடுத்தான் என்ற அளவில் நிற்கின்றது. முறுமுறுப்பு என்ற பேச்சே அங்கில்லை. எரேமியா தீர்க்கதரிசி அக்காலத்தை மணப்பெண்ணின் அன்புக் காலமாக நினைவுகூர்கின்றார். பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்திலும், எபிரெயர் நிருபத்திலும் அது மீண்டும் எச்சரிக்கையாகின்றது. ஆகவே முறுமுறுப்பு என்பது நிகழ்ச்சியை விவரிக்கும் சொல் மட்டுமன்று. அதன்மீது வழங்கப்பட்ட தீர்ப்புமாகும் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்விடத்திற் சொல்லாட்சி பற்றிய குறிப்பொன்று அவசியமாகின்றது. பேர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையுடன் யாழ்ப்பாணத்திற் செய்த விவிலிய மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. பின்னர் நெடுங்காலம் நிலைபெற்றது போவரின் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பாகும். அதன்வழி நமக்குப் பழகிய சொல் ‘முறுமுறுத்தல்’. வாய்க்குள் எழும் தெளிவற்ற ஒலியை உணர்த்தும் இச்சொல், பேசுவோனைச் சிறுமைப்படுத்தும் இயல்பினது. ஆனால் ரெவிதீம் நிகழ்ச்சியில் எபிரேய மூலம் இரு வினைகளை ஆள்கின்றது. ஒன்று முறுமுறுத்தலைக் குறிப்பது. மற்றது வழக்காடுதலைக் குறிக்கும் ‘ரீப்’ என்பதாகும். மேரிபா என்னும் இடப்பெயர் இவ்விரண்டாவதன் அடியாகப் பிறந்தது. வழக்கு என்பது உரிமையின் மொழி. யாழ்ப்பாணத்து வழக்கில் இதற்கு நிகரான சொல் ‘முறைப்பாடு’. முறைப்பாடு செய்பவன், கேட்பதற்கு ஒருவர் கடமைப்பட்டுள்ளார் என்று நம்புகின்றான். அவ்வகையில் அது நம்பிக்கையின் ஒரு வடிவமுமாகும்.

இது தமிழ் மரபுக்குப் புதிதன்று. சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்குத் தவறிப் பார்வையிழந்த சுந்தரர், திருவாரூர் இறைவனைக் கடிந்து பாடியமை ஏழாந் திருமுறையின் பகுதியாகப் போற்றப்படுகின்றது. பிழை தம்முடையதாயிருந்தும் அவர் முறையிட்டார்; அதனைச் சைவ மரபு தோழமையின் உரிமையாகக் கொண்டது. பெரியபுராணத்தை 1852இல் வசனமாக்கிய நாவலர், 1854இல் வெளியிட்ட சைவதூஷணபரிகாரத்தில் இஸ்ரவேலரின் வழிபாட்டு முறைகளைச் சைவக் கிரியைகளோடு ஒப்பிட்டார். ஒப்பீட்டைக் கிரியைகளோடு நிறுத்தாது முறையீட்டுக்கும் விரிப்பின், இரு மரபுகளும் மேலும் நெருங்கி நிற்பதைக் காணலாம். இறைச்சி கேட்டு மக்கள் அழுத அதே அதிகாரத்தில், இச்சுமையைத் தாங்கேன், என்னைக் கொன்றுவிடும் என்ற கருத்துப்பட மோசேயே முறையிடுகின்றார். அவர் தண்டிக்கப்படவில்லை, சுமையைப் பகிர 70 மூப்பர் நியமிக்கப்படுகின்றனர்.

இதனாற் குறைகூறுவோர் அனைவரும் நியாயவான்கள் எனக் கொள்ளுதல் பொருந்தாது. தாத்தானும் அபிராமும் எகிப்தையே பாலும் தேனும் ஓடும் நாடென வருணித்தனர். அடிமைக் காலத்தைப் பொற்காலமாகத் திரிக்கும் இந்நினைவுப் பிறழ்ச்சியே உண்மையான அவிசுவாசம் எனலாம். கோராகின் வாதம் மேலும் நுணுகி நோக்கத்தக்கது. சபையார் அனைவரும் பரிசுத்தரே என்னும் அவனது சமத்துவக் குரல் முற்போக்காளரை ஈர்க்கக்கூடியது. ஆயின் அவன் ஆசாரியப் பதவியை நாடிய லேவியன் என்று பனுவல் சுட்டுகின்றது. ‘யாத்திராகமமும் புரட்சியும்’ என்ற பொருள்படும் நூலை 1985இல் வெளியிட்ட மைக்கல் வால்சர், விடுதலை பெற்றோரின் மனத்தில் எஞ்சிய அடிமைத்தனத்தின் வெளிப்பாடாக முறுமுறுப்பை விளக்கினார். இவ்விளக்கம் தாத்தானுக்குப் பொருந்தும். ரெவிதீமின் தாகத்துக்குப் பொருந்தாது. தேவை, கடந்தகால மயக்கம், அதிகாரப் போட்டி என்னும் மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கும்போது, நன்மையடைவோர் தலைமைப் பீடத்தில் இருப்போரே. கைதடியை நோக்கி நடந்த தாயொருத்தி குழந்தைக்கு நீர் கேட்டிருப்பின், அது இலட்சியத்தில் நம்பிக்கை இழந்தமைக்குச் சான்றாகுமா? அரசுகளும் இயக்கங்களும் திருச்சபைகளும் விடை கூறவேண்டிய வினா இது.

எண்ணாகமமே இவ்வினாவுக்கு ஒரு விடையைத் தருகின்றது. அதன் 27ஆம் அதிகாரத்தில், ஆண்மக்களின்றி இறந்த செலோப்பியாத்தின் குமாரத்திகள் ஐவர், சபையோர் அனைவரின் முன்னிலையில் நின்று, தந்தையின் காணி தங்களுக்கு ஏன் மறுக்கப்படவேண்டும் எனக் கேட்கின்றனர். அவர்கள் கேட்டது சரியே என்பது இறைவனின் தீர்ப்பு; சட்டம் திருத்தப்படுகின்றது. தபேராவின் நெருப்பைப் பற்றிப் போதிப்போர் இவ்வைவரின் கதையையும் அதே மேடையிற் கூறுதல் வேண்டும். முறைப்பாட்டைக் கேட்டுத் தன் சட்டத்தையே திருத்திக்கொண்ட ஒரு சமூகத்தின் கதையும் விவிலியத்தில் உண்டு என்பதை அப்போதுதான் நம் மக்கள் அறிவர்.